தலைமேல் கை

கிரேனியெக்டமி என்றால் மண்டையோட்டில் ஒரு துண்டை வெட்டியெடுப்பது என்று மருத்துவர் சொன்னபோது சுகுணாவுக்குப் புரிந்தது. எடுத்த துண்டு கெடாமலிருக்க அதைப் பரஞ்சோதியின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைத்திருக்கிறோம், மூளையின் வீக்கம் வடிந்ததும் திரும்பப் பொருத்துவோம் என்றபோது புரிந்ததும் குழம்பிப்போனது.

விபத்துக்குப் பிறகு இன்றுதான் கணவன் பரஞ்சோதிக்குப் பேச்சு தெளிந்தது.

"வண்டியில பாப்பாவும் என்கூட இருந்தாளா?"

"இல்லைங்க. அவ எங்கம்மா வீட்டுல இருக்கா."

"என் தலைமேல கை வச்சுச் சொல்லு."

அவள் கை எழுந்தது. போன வாரம் பாப்பாவின் குழிமேட்டில் பால் தெளித்த கை. ஓடில்லாத இடத்தில் அவன் தோல் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. பொய்ச் சத்தியம் செய்தால் அந்தத் தலை தங்காது என்பார்கள்.

"தலையத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

அவன் அவள் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தான். "தலை இங்கயும்தான இருக்கு. சொல்லு."

உள்ளங்கையில் எலும்பின் விளிம்பு தட்டுப்பட்டது. வயிறுதான், இது வெறும் வயிறுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சத்தியமா."

அவன் கண்களை மூடிக்கொண்டான். சுகுணா கையை எடுக்கவில்லை. எலும்பு மூச்சோடு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.