டைமிங் செயின் போட்ட சத்தம்

ஒரு பழைய காரின் டைமிங் செயின், ஓடி ஓடி நீண்டு தொய்ந்துபோயிருந்தது. அதனால் அது சுழற்றும் கேம்ஷாஃப்ட், அதாவது இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, கொஞ்சம் பிந்தியே சுற்றும். சத்தம் வந்தால் தன்னைக் கழற்றிவிடுவார்கள் என்று செயின் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது. மெக்கானிக்கோ, பழுது சென்சாரில்தான் என்று நினைத்து, கோளாறைச் சொன்ன சென்சாரையே ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டிருந்தார்.

புதிதாக வந்த சென்சாரிடம் செயின் கெஞ்சியது: “கண்டும் காணாம இருந்துடு தம்பி. உனக்கு முன்னாடி சொன்னவங்க எல்லாம் குப்பையில கிடக்கிறாங்க.”

“பார்த்ததைச் சொல்லத்தானே அக்கா என்னை மாட்டியிருக்காங்க, வேடிக்கை பார்க்கவா?”

இன்ஜின் ஓடியது. “கேம்ஷாஃப்ட் லேட்டு!” என்றது சென்சார். எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

“மறுபடியுமா?” என்று அலுத்துக்கொண்டே மெக்கானிக் சென்சாரைக் கழற்றக் கையை நீட்டினார்.

“வரேன் அக்கா” என்றது சென்சார்.

செயினுக்குத் தாங்கவில்லை. தன்னை மறைத்திருந்த மூடியில் கடகடவென்று அடித்துக்கொண்டு, இன்ஜினே அதிர ஓடியது.

நீட்டிய கை அப்படியே நின்றது. மெக்கானிக் குனிந்து செயின் பக்கம் காதை வைத்தார்.