இருநூறு வேம்பு

"அண்ணாச்சி, நாளையிலேருந்து நான் வரல. வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றாள் செல்லக்கனி.

மூடிய கல்குவாரியைச் சுற்றி நின்ற இருநூறு வேப்பங்கன்றுக்கும் பத்து நாளாகக் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றுபவள் அவள்தான். மேனேஜர் பூதலிங்கம் திடுக்கிட்டார்.

"ஏன், சம்பளம் பத்தலையா?"

"அதெல்லாம் இல்ல. மூடுன குவாரியில மரம் வச்சிருக்கீங்களான்னு அதிகாரி பாக்க வந்தன்னிக்கு எப்படிப் பச்சப்பசேல்னு நின்னுச்சு! 'தண்ணி ஊத்த ஒரு ஆளப் போடும்வே'ன்னு அவரு சொல்லித்தான என்னைய வச்சீங்க? நான் தொட்டதும் அம்புட்டும் கருகிட்டு. எனக்குக் கைராசி இல்ல."

"வெயில் அப்படி அடிக்கிம்மா. நீ என்ன செய்வ?"

"எங்க வீட்டுல மொளச்ச கன்னு இது. ஒண்ணாவது தழைக்கட்டும். ஒங்க கையால நடுங்க."

கன்றைக் கீழே வைத்துவிட்டு, குழியில் காய்ந்து நின்றதைப் பிடுங்கக் குனிந்தாள்.

"விடு, விடு! நான் பாத்துக்கிடுதேன்!" என்று பூதலிங்கம் பதறி ஓடி வந்தார்.

அதற்குள் அது கையோடு வந்துவிட்டது. வேர் இல்லை. அடியில் சாய்வாக ஓர் அரிவாள் வெட்டு.

செல்லக்கனி அடுத்ததைப் பிடுங்கினாள். அதற்கு அடுத்ததையும்.

பூதலிங்கம் கீழே கிடந்த கன்றை எடுக்கக் கை நீட்டினார்.

"தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள் அவள். "இத நானே நட்டுக்கிடுதேன்."