பெயின்ட்டுக்கு அடியில்

ரோட்டுக் குழியில் காரை வேகமாக இறக்கிவிட்டோம், அதனால்தான் விபத்து என்று வசுமதி ஆறு வருடமாக நம்பியிருந்தாள். அன்று அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன் அலாய் வீல் பிளந்து, வண்டி தடுப்புச்சுவரில் மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் தயாநிதி இன்றுவரை ஊன்றுகோலோடுதான் நடக்கிறான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் அவளை அதிகம் வதைத்தது.

காரை விற்றுவிடலாம் என்று, பிளந்ததையும் சேர்த்து வீல்களைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். பட்டறை முபாரக் பெயின்ட்டை உரித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“இங்க பாருங்க அம்மணி. நீங்க வாங்கறதுக்கு முந்தியே ஒடஞ்ச வீலுங்க இது. வெல்டு வெச்சுப் பட்டி பூசி மறைச்சிருக்காங்க. அந்த வெல்டுதான் விட்டிருக்குது.”

வசுமதி அந்தத் தழும்பை விரலால் தடவினாள். “அப்ப காரணம் நான் இல்லீங்களா?”

“எப்படி ஓட்டியிருந்தாலும் ஒருநாள் விட்டிருக்குமுங்க.”

அடுக்கியிருந்த டயர்களின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு தயாநிதிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், “அந்த ஒரு வீல மாத்திட்டு, எல்லாத்துக்கும் வெள்ளி அடிக்கறதா, கருஞ்சாம்பலா?” என்று கேட்டாள்.

“விக்கற வண்டிக்கு எதா இருந்தா என்ன?”

“யாருங்க விக்கறது?” என்றாள்.