கல்யாண வருடக் கம்பம்

திருமண நாளன்று பெடோசியாவும் கணவர் நிக்கோலாயும் அலாஸ்கா மலைச்சாலையில் காரில் கிளம்பி, விலங்குகளைப் பார்த்துக்கொண்டே பனியாற்றுக்குப் போய், ஒரு கோப்பை பனிக்கட்டி உடைத்து, தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு வருவது வழக்கம். இந்த முறை வழியில் ஒரு கரடி. மேல்சரிவில் பதினொரு மலையாடுகள்.

பனியாறு வருடாவருடம் பின்வாங்கிக்கொண்டே போனது. எந்த வருடம் எதுவரை இருந்தது என்று கம்பம் நட்டிருந்தார்கள். அவர்கள் கல்யாணமான 1994ஆம் வருடக் கம்பத்தருகே நிக்கோலாய்க்கு மூச்சு வாங்கியது. இதய ஆபரேஷன் ஆன உடம்பு. பனி இன்னும் ஒரு மைல் மேலே.

"ஐஸுக்காக உயிர விடுவீங்களா? பேசாம உக்காருங்க, கம்பளி எடுத்துட்டு வரேன்."

"சரி, இந்த வருஷம் வெறுந்தண்ணிதான்."

அவள் காருக்குப் போய்த் திரும்பியபோது அவர் கோப்பை நிறைய பனியாற்றின் நீலப் பனிக்கட்டி, உள்ளே அடைபட்ட பழங்காற்று வெளியேற, படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"யாரு குடுத்தா?"

"நம்மால ஏற முடியலன்னு அதுவே எறங்கி வந்துச்சு."

சிரிக்கப்போனவள் கீழே பார்த்தாள். கம்பத்துக்கு இந்தப் பக்கம் கற்கள் காய்ந்திருந்தன. அந்தப் பக்கம், மலை உச்சிவரை, ஈரம்.

பெடோசியா சிலுவை போட்டுக்கொண்டாள். "ரொம்ப நன்றி," என்றாள் மலையிடம்.

ஆடுகள் ஐந்தும் ஆறுமாக இருபுறமும் ஒதுங்கி, நடுவில் அகலமாக வழிவிட்டு, மேலே போய்க்கொண்டிருக்கும் எதையோ பார்த்தபடி நின்றன.