மைனஸ் முப்பது

"ஒரு சைஸ் பெருசா எடு மக்ளே. உள்ள ரெண்டு உடுப்பு போடணும்லா? வின்னிபெக்ல ஜனவரி மாசம் மைனஸ் முப்பதாக்கும்."

கனடாவுக்குப் படிக்கப் போகும் சிபி, பெரியவர் நீலகண்டன் சொன்னபடி அடுத்த அளவை எடுத்தான். டிசம்பர் மாதத்திலும் திருவனந்தபுரத்தில் வெயில் குறையவில்லை. கடைக்குள் ஏசி இருந்தும் நீலகண்டனுக்கு வியர்த்தது. எப்படிப் போட வேண்டும் என்று காட்டுவதற்காக அவரும் ஒரு கோட்டை மாட்டியிருந்தார். அதன் ஜிப்பைப் பூட்டத் தெரியாமல் தடுமாறியபோது, விற்பனைப்பெண் ஜெஸ்லின் வந்து பூட்டிவிட்டாள்.

தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் ராஜஸ்ரீ. அந்தக் கடையை நடத்தும் வெளிநாட்டு ஆடை நிறுவனத்தின் பெங்களூரு அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். இந்த வெயில் ஊருக்குக் கோட்டு எதற்கு, அந்த இடத்தில் பருத்திச் சட்டையை அடுக்குங்கள் என்று சொல்லத்தான் வந்தாள்.

"மத்த ஊர்க் கடைகள்ல ஒரு கோட்டுகூட நகரலை. இங்க மட்டும் எப்படி விக்குது?"

"இவிடத்துப் பிள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுக்குப் போறாங்கல்லே மேடம்" என்றாள் ஜெஸ்லின். "எதை வாங்கணும்னு அவங்களுக்குத் தெரியாது. இந்த சார்தான் சொல்லிக் கொடுப்பார். சாலை பஜார் பக்கத்துல ஒரு வீட்டுல தனியாத்தான் தாமசம். தினமும் சாயங்காலம் வந்துடுவார்."

"குளிர் எப்படி இருக்கும் சாரே?" என்று சிபி கேட்டான்.

"மூக்குக்குள்ள ஈரம் உறைஞ்சு முள்ளாட்டம் குத்தும். பயப்படாதே, பழகிரும். போய் இறங்கினதும் அம்மையை போன்ல விளிச்சுப் பேசணும், கேட்டியா?"

சிபி கோட்டோடு எஸ்கலேட்டரில் இறங்கி மறையும்வரை நீலகண்டன் பார்த்துக்கொண்டே நின்றார்.

ராஜஸ்ரீ அருகில் வந்தாள். "சார், கோட்டெல்லாம் இங்கேயே இருக்கட்டும்னு ஆபீசுக்கு எழுதப் போறேன். நீங்க எங்க ஸ்டாஃபுக்கும் கொஞ்சம் சொல்லித் தரணும். கனடாவுல எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"நானா? நான் இதுவரைக்கும் பிளேன்லயே ஏறினதில்லையேம்மா."

"அப்புறம் எப்படி இவ்வளவும் தெரியும்?"

"எனக்க மோன் அங்கதான் இருக்கான். ஒம்பது வருஷமாச்சு. மாசத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவான்."

நீலகண்டன் கோட்டைக் கழற்றி, சுருக்கம் விழாமல் ஹேங்கரில் மாட்டினார்.

"குளிரைத் தவிர வேற ஒண்ணும் பேசமாட்டான்."