வெள்ளை வேட்டிக்குப் பின்னால்

கணபதி பகுதியில் லேத் பட்டறையை ஒட்டிய ஒற்றை அறையில், டிசைன் இன்டர்ன்ஷிப் நேர்காணலுக்காக யுவஸ்ரீ லேப்டாப் முன் உட்கார்ந்திருக்கிறாள். காரை உதிர்ந்த சுவர் கேமராவில் விழாதிருக்க, அம்மா மாசாணியம்மாள் அவளுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியை விரித்துத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். “நானு தெரியறனா கண்ணு?” “இல்லம்மா, பேசாம நில்லு.” அழைப்பு வருகிறது. தான் வடிவமைத்த செயலியை யுவஸ்ரீ விளக்க விளக்க, அம்மாவுக்குக் கை கடுத்து வேட்டி நடுங்குகிறது. திரையில் இருப்பவர் குறுக்கிடுகிறார். “பின்னாடி யாருங்க? பதில் சொல்லித் தர்றாங்களா?” வேட்டியின் மேல் விளிம்பில் அம்மாவின் விரல்கள் தெரிகின்றன. பட்டறையில் இரும்பு கிறீச்சிடுகிறது. “யாருமில்லைங்க சார்” என்கிறாள் யுவஸ்ரீ. விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்குகின்றன. இவ்வளவு நேரம் நடுங்கிய வேட்டி இப்போது அசையவே இல்லை.