பிளானிங் இல்லாத மச்சான்

"ஏர்போர்ட்டுக்கு வர்றவன் டீசல் இருக்கான்னு பார்க்க மாட்டியாடா?"

திண்டிவனம் பங்க்கில் வண்டி நின்றதுமே ஆசிப் ஆரம்பித்துவிட்டான்.

ரய்யான் தலையைச் சொறிந்தான். "போற வழியில போட்டுக்கலாம்னு நெனச்சேன் மச்சான்."

ஆசிப்புக்கு துபாயில் கார்கோ கம்பெனி வேலை. எந்த லாரி எப்போது கிளம்ப வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் உத்தியோகம். இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வருகிறான். கோட்டக்குப்பத்தில் இருக்கும் மனைவி ஃபர்ஹீனிடம் சொல்லவில்லை. கதவைத் தட்டியதும் அவள் வாயடைத்து நிற்பதைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காக ஆசையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். சென்னையில் வேலை பார்க்கும் அவள் தம்பி ரய்யானுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

"அக்காகிட்ட உளறலையே?"

"இதுவரைக்கும் இல்ல மச்சான்."

டீசல் போட்டு முடிப்பதற்குள் ரய்யான் ஓரமாகப் போய் யாரிடமோ போன் பேசிவிட்டு வந்தான். வந்தவன் முகமே சரியில்லை.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமா மச்சான்?"

"வீட்ல போய் அவ கையால குடிச்சிக்கிறேன். ஏறு!"

"தலை ரொம்ப வலிக்குது மச்சான்."

டீ வந்தது. அதை ரய்யான் ஊதி ஊதிக் குடித்த அழகைப் பார்த்து ஆசிப்புக்குத்தான் தலை வலித்தது.

கிளம்பினால், வண்டி புதுச்சேரி ரோட்டை விட்டுவிட்டு மரக்காணம் ரோட்டில் திரும்பியது. பெருமுக்கல் மலை தெரிந்த பிறகுதான் ஆசிப்புக்கு உறைத்தது.

"டேய், எங்கடா போய்க்கினு இருக்க?"

"பேச்சு சுவாரஸ்யத்துல மாத்தித் திரும்பிட்டேன் மச்சான். மரக்காணம் போய் ஈசிஆரைப் புடிச்சிடலாம்."

"நான் எங்கடா பேசினேன்? திட்டிக்கினுதானே வந்தேன்!"

போதாக்குறைக்கு, வழியில் அவித்த மல்லாட்டை விற்கிற அம்மாவைப் பார்த்ததும் மறுபடி பிரேக்.

"அக்காவுக்குப் புடிக்கும் மச்சான்."

அவள் பேச்சை எடுத்தால் ஆசிப்பால் மறுக்க முடியாது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு காரியத்துல இறங்கறதுக்கு முன்னாடி நாலையும் யோசிக்கணும்டா. என் கம்பெனியா இருந்தா உன்னை எப்பவோ வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். பிளானிங்கே கிடையாது உன்கிட்ட!"

ரய்யான் நிதானமாக ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டான். போனைப் பார்த்தான். அதற்கப்புறம் வண்டி பறந்தது.

கோட்டக்குப்பம். ஆசிப் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினான்.

திறந்த ஃபர்ஹீன் அப்படியே நின்றாள். "யா அல்லாஹ்! நீங்களா?"

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆசிப்புக்கும்தான்.

"பார்த்தியாடா? இதுக்குப் பேருதான் பிளானிங்!"

ரய்யானின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராஜா மாதிரி உள்ளே போனான்.

அவன் தலை மறைந்ததும், ஃபர்ஹீன் துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்திருந்த வாசல் பூட்டைத் தம்பியின் கையில் திணித்தாள்.

"பூட்டின வீட்டைப் பார்த்திருந்தா மனுசன் மூஞ்சி என்னத்துக்கு ஆயிருக்கும்! நல்லவேளை போன் பண்ணே. விழுப்புரத்துல அம்மா வீட்லேருந்து அடிச்சிப் புடிச்சி ஓடியாந்து, இப்பத்தான்டா திறந்தேன். இன்னொரு டீ வாங்கிக் குடுத்து இட்டாந்திருக்கக் கூடாதா?"